வானத்தில் கண் இருக்கிறது... தரையில்?



ஆண்டு மலர் என்றதும் காதல் கவிதை, கடி ஜோக், பிரிவுக் கண்ணீர் என்று எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். நான் புழுதியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். ‘நமக்கெதுக்குப்பா பாலைவனத்துப் புழுதி?’ என்று கேட்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

2018 மே 2 அன்று ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அடித்த புழுதிப் புயலில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆல்வர், பரத்பூர், தோல்பூர், ஆக்ரா பக்கமெல்லாம் பலத்த அடி. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது மூச்சில் ஏறிய புழுதி அல்ல. இடிந்து விழுந்த வீடும் சுவரும், சாய்ந்த மரமும்தான். பலர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

அப்போது வானத்தில் கண் இல்லையா? இருந்தது! 2016-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நின்று அரை மணிக்கொரு தடவை படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ்ஸும் மேலே போனது.

அந்தக் கண் புழுதியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சாதாரணப் போட்டோவில் பாலைவனமும் மண் நிறம், புழுதியும் மண் நிறம். ராத்திரியில் அதுவும் கிடையாது. அதனால் வெப்பக் கதிரை 11 மைக்ரானிலும் 12 மைக்ரானிலும் தனித்தனியாக அளக்கிறார்கள். மெல்லிய பனித்துகள் மேகம் 12-ல் அதிகமாக விழுங்கும். மண்துகள் தலைகீழ், 11-ல் அதிகமாக விழுங்கும். 11-ல் கிடைத்த வெப்பநிலையிலிருந்து 12-ல் கிடைத்ததைக் கழிக்க வேண்டும். விடை மைனஸில் போனால் புழுதி என்று சந்தேகப்படலாம். கழித்தல் கணக்குதாங்க! ஐரோப்பாவின் மீட்டியோசாட் இதோடு 8.7 மைக்ரானையும் சேர்த்து, சஹாராப் புழுதியை இரவு பகல் பாராமல் மெஜந்தா நிறத்தில் காட்டிவிடுகிறது.

சஹாராவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2 கோடியே 77 லட்சம் டன் புழுதி போகிறது என்று 2015-ல் கணக்குச் சொன்னதும் செயற்கைக்கோள் லேசர்தான். அந்தச் சாதனையை யாரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் என் கட்சி வேறு. நாள்கணக்கில் கடல் தாண்டிப் போகும் புழுதியைப் பிடிக்கிற கண், தார் பக்கத்து ‘ஆந்தி’யிடம் திணறுகிறது. காரணம் எளிது. ஆந்தி இடிமேகத்தின் பிள்ளை. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தடாலென்று கீழே இறங்கி, தரையில் மோதிப் பரவி, புழுதிச் சுவரைக் கிளப்புகிறது. மேலே மேகம் குடை பிடித்திருந்தால் அடியில் இருக்கும் புழுதி செயற்கைக்கோளுக்குத் தெரியாது. மேகம் வளர்வது தெரியும், எந்த ஊரில் எவ்வளவு வேகத்தில் காற்று இறங்குகிறது என்பது தெரியாது. அதற்குத் தரையில் டாப்ளர் ரேடாரும் காற்றுமானியும் வேண்டும். எச்சரிக்கை வந்துவிட்டாலும், அரை மணி நேரத்தில் சுவர் பலமாகிவிடாது!

‘சேட்டிலைட்டெல்லாம் பி.எச்டி. படிச்சவங்க சமாச்சாரம்’ என்று நாம் ஒதுங்கிக்கொள்வதைத்தான் நான் ஏற்கவில்லை. காற்றுமானியின் பேரிங்கில் மண் புகுந்தால் கழற்றிச் சரிசெய்வது யார்? மெக்கானிக்கல்காரன். கருவியின் சிக்னல் நின்றுபோனால்? இ.சி.இ. சாய்ந்த மின்கம்பத்தை நிமிர்த்துவது, 2,245 மெகாவாட் திறன் கொண்ட பட்லா சோலார் பூங்காவில் தகடுகளில் படியும் புழுதியோடு மல்லுக்கட்டுவது டிரிபிள்.இ. கடைசியாக அந்தச் சுவர். அது சிவில் நண்பா, உன் கையில்! மேலே கோடிக்கணக்கில் செலவழித்த கண்ணுக்குப் பயன் உண்டா இல்லையா என்பதை இந்தக் கைகள்தான் தீர்மானிக்கின்றன.

அதனால் ஒரு யோசனை. காசு கொடுத்துக் கடையில் வாங்கும் ரெடிமேட் ப்ராஜெக்ட்டை இந்த வருஷத்தோடு விட்டுவிடுவோம். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மாஸ்டாக் தளத்தில் பதிவு செய்தால் இன்சாட் தரவு கிடைக்கும். இரண்டு வெப்பப் படங்களை எடுங்கள், கழியுங்கள். ஜெய்ப்பூர், ஜோத்பூர் விமான நிலையங்கள் பதிவு செய்த பார்வைத் தூரத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை தடவை பொருந்துகிறது, எத்தனை தடவை மேகம் ஏமாற்றுகிறது என்று எழுதுங்கள். வைவாவில் கேட்கும் கேள்விக்குச் சொந்தமாகப் பதில் சொல்லலாம். மாணவர் பேரவை இதற்கென்று லேபில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கித் தந்தால் போதும்.

பார்ப்பது பாதி வேலை. மீதிப் பாதிக்குத்தான் நாம் டிப்ளமோ படிக்கிறோம். என்ன சொல்றீங்க?

- மூன்றாமாண்டு மாணவன், இ.சி.இ.