பேஸ் திருட வேகக் கால் மட்டும் போதாது

திருக்கோவில், தம்பிலுவில் முதல் கல்முனை வரையுள்ள நமது கரையோரப் பாடசாலைகளில் நல்ல ஓட்டக்காரர் யார் என்பதை இல்ல விளையாட்டுப் போட்டியின் 100 மீற்றர் ஓட்டமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தடகளத்துக்கு அது சரி. பந்து நடுவில் இருக்கும் விளையாட்டுகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இதை மிகத் தெளிவாகக் காட்டுவது பேஸ்போலில் 'பேஸ் திருடுதல்' என்ற கலை. பிட்சர், அதாவது பந்தெறிபவர், மட்டையாளருக்குப் பந்தை எறியும்போதே, ஒரு பேஸில் (தளத்தில்) நிற்கும் ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்குப் பாய்ந்துவிடுவதுதான் அது. அது பிறவி வேகத்தால் மட்டும் வருவதல்ல. பெரும்பகுதி கற்றுக்கொடுத்தால் வருவது.

அமெரிக்காவின் ஒக்லண்ட் அணி 1974இல் ஹேர்ப் வொஷிங்டன் என்ற குறுந்தூர ஓட்ட வீரரை ஓடுவதற்கென்றே சேர்த்துக்கொண்டது. அவர் ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை. 105 ஆட்டங்களில் 31 பேஸ்களைத் திருடினார். 17 முறை பிடிபட்டார். அதாவது மூன்றில் ஒரு முயற்சிக்கு மேல் வீண். அதே ஆண்டு உலகத் தொடரில், முதலாம் பேஸில் நின்றபடியே பிட்சரின் எறிக்கு ஆட்டமிழந்தார். மறுபுறம் 2025இல் ஜோஷ் நெய்லர். அமெரிக்காவின் முதல்தர பேஸ்போல் லீக்கின் மிக மெதுவான ஓட்டக்காரர்களில் ஒருவரான அவர் 30 பேஸ்களைத் திருடி, இரண்டு முறை மட்டுமே பிடிபட்டார். 2023இல் பேஸ்கள் பெரிதாக்கப்பட்டு, பிட்சர் ஓட்டக்காரரை நோக்கி எறிவதற்கும் கட்டுப்பாடு வந்ததால் எல்லோருக்குமே திருடுவது எளிதாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த விதி எல்லோருக்கும் பொதுவானது. நெய்லரை விட வேகமான பலருக்கு அந்தக் கணக்கு வாய்க்கவில்லையே.

காரணம் நேரக் கணக்கில் இருக்கிறது. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து, மட்டையாளருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரிடம் சேர ஏறத்தாழ 1.3 செக்கன்; கேட்சர் அதை இரண்டாம் பேஸுக்கு எறிய இன்னும் 2 செக்கன். இந்த 3.3 செக்கனுக்குள், முன்நகர்ந்து நின்ற மூன்று நான்கு மீற்றர் போக, 27.43 மீற்றர் இடைவெளியின் மீதியைக் கடக்க வேண்டும். புறப்பாட்டில் பத்தில் ஒரு செக்கன் பிந்தினாலே முக்கால் மீற்றர் போய்விடும். அதனால்தான் கண் முக்கியம். வலக்கைப் பிட்சரின் இடது கால் முதலில் எழுந்தால் பந்து பெரும்பாலும் மட்டையாளருக்கு. வலக் குதி எழுந்தால் முதலாம் பேஸுக்கு. உடல் எடையை இரு கால்களிலும் சமமாக வைத்து நிற்பதும், முதல் அடியிலேயே காலைக் குறுக்காக வீசிப் புறப்படுவதும், கடைசியில் கால் முன்னே போகச் சறுக்குவதும் எல்லாமே பயிற்சி. எப்போது ஓடாமல் நிற்பது என்பதும் அதில் அடக்கம். நான்கில் மூன்று முயற்சியாவது வெல்லாவிட்டால் திருடுவது அணிக்கு ஆதாயமில்லை.

கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இப்படி முன்நகர்ந்து நிற்பது முறைகேடாகத் தோன்றலாம். 2014இல் எட்ஜ்பாஸ்டனில் சச்சித்ர சேனநாயக்க, பந்து வீசப்படுமுன் கிரீஸை விட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை ரன் அவுட் ஆக்கியபோது எவ்வளவு சர்ச்சை! ஆனால் பேஸ்போலில் முன்நகர்வது விதிக்கு உட்பட்டது. அதைத் தண்டிக்கும் வாய்ப்பும் பிட்சருக்கு உண்டு. இரண்டையும் ஆடும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பதே என் கவலை.

இங்கே பேஸ்போல் யார் ஆடுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஜப்பானின் உதவியோடு அமைந்த மைதானம் தியகமவில் இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவிலும் இலங்கை அணி ஆடியது. கிழக்குக் கரைக்கு இவை தூரம். ஆனால் இந்தப் பயிற்சிக்குக் கையுறையும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். 27 மீற்றர் இடைவெளியில் இரண்டு சாக்கு போதும். புறப்பாட்டைக் கெட்டித் தரையில் பழக்கலாம். கடற்கரை மணல் உந்துதலைத் தின்றுவிடும், ஆனால் சறுக்கிப் பழக அதுவே நல்ல இடம். எறிபவரின் உடலைப் படிக்கும் அந்தக் கண், எல்லேயில் ஓடும்போதும் கிரிக்கெட்டில் ஒற்றை ஓட்டம் எடுக்கும்போதும் உதவும். திருக்கோவில் கல்வி வலயத்தின் உடற்கல்வி ஆசிரியர்கள் அடுத்த பருவத்தில் இதைச் செய்து பார்க்கலாம்: 100 மீற்றரில் ஐந்தாம், ஆறாம் இடம் வந்தவர்களையும் வரிசையில் நிறுத்தி, எறிபவரின் அசைவுக்கு யார் முதலில் புறப்படுகிறார் என்று அளக்கலாம்.