வரைபடத்துக்கு முன் கேள்வித்தாள்

மலையகத் தோட்டங்களில் இந்திய உதவியுடன் எழும் வீடுகள் தனித்தனிக் காணிகளில், 550 சதுர அடியில் அமைகின்றன. லயன் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்த குடும்பத்துக்குச் சொந்தக் காணியில் தனி வீடு என்பது சின்ன விடயமல்ல. ஆனால் வீடமைப்புத் திட்டம் என்றாலே ஒரே அச்சில் வார்த்த வீடுகள்தான் என்று நாமும் பழகிப்போய்விட்டோம்.

கண்டியிலேயே இதற்கு மாற்று உண்டு.

1950களின் நடுவில் வட்டப்புளுவையில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டமொன்று உருவானது. பொறுப்பேற்றவர் மினெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண். ஊர் திரும்பி, பெற்றோரின் வீட்டிலேயே சிறிய அலுவலகம் தொடங்கினார். வட்டப்புளுவையில் அவர் முதலில் நீட்டியது கேள்வித்தாளைத்தான். பல இனங்களையும் மதங்களையும் சேர்ந்த குடும்பங்களின் தேவையையும் வாழ்முறையையும் கேட்டறிந்த பிறகே பேனா வரைபடத்துக்குப் போனது. சில அடிப்படை மாதிரிகள். அவற்றைக் குடும்பத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன்பே கண்டியில் கருணாரத்ன குடும்பத்துக்கு அவர் கட்டிய வீடு இன்னொரு பாடம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவோடு படிப்படியாக இறங்கும் தளங்கள். கண்ணாடிக் கற்களும் கொங்கிரீட்டும் ஒரு பக்கம். தும்பறை நெசவாளர் பின்னிய பாய்கள் கதவுப் பலகைகளாக மறுபக்கம். சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம். பாய் அங்கே வெறும் அலங்காரமல்ல, நெசவாளருக்கு வேலை. கைவினைஞரைக் கட்டுமானத்துக்குள் கொண்டுவராவிட்டால் அந்தத் தொழில் கடைப்பொருளாகச் சுருங்கிவிடும் என்பது அவர் கணக்கு. இந்த வழியை அவர் நவீன பிராந்தியக் கட்டடக்கலை என்றார். கட்டடக்கலை விமர்சகர் கென்னத் ஃப்ராம்ப்டன் இதையொத்த சிந்தனையை எழுதி உலகப் புகழ் பெற்றது 1983இல்!

ஜெஃப்ரி பாவா கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல்தான். ஆனாலும் இலங்கைக் கட்டடக்கலை என்றதும் முதலில் வருவது அவர் பெயரே. 1998இல் மறைந்த மினெட்டுக்கு நாட்டின் கட்டடக்கலைஞர் நிறுவனம் தங்கப் பதக்கம் தந்தது 1996இல், மிகவும் தாமதம்.

மினெட் காட்டிய வழிக்கு மாறாக, இன்று கண்டியைச் சுற்றி மலையை மண் வெட்டும் இயந்திரத்தால் குடைந்து, உயரத் தாங்குசுவர் எழுப்பிக் கட்டுவதே வழக்கம். மண்சரிவு ஆபத்துள்ள மாவட்டத்தில் இது வீண் வீரம்.

தோட்டங்களுக்கு இந்தியா அறிவித்த 10,000 வீடுகளில் இனி அத்திவாரம் போடப்படுபவற்றுக்காவது, அடுப்படி எங்கே, சாமி படம் எங்கே, மழைக்காலத்தில் விறகு எங்கே என்று அங்கே சமைக்கப்போகும் பெண்களிடம் அதிகாரிகள் முதலில் கேட்கட்டும்.