கடுகு டப்பாவும் களஞ்சியமும்

கடுகு டப்பாவுக்குள் நாலு காசு ஒளித்து வைக்கத் தெரியாத குடும்பத் தலைவி உண்டோ? ஆனால், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அந்த டப்பா எத்தனை நாள் தாங்கும்?

தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறது. நெல்லும் திராட்சையும் செழிக்கின்றன. வருசநாட்டு மலையடியில் உள்ள கடமலைக்குண்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கூலிக்காரர் வீட்டில் காய்ச்சல் வந்தால் முதலில் வட்டிக்காரர், பிறகுதான் டாக்டர்!

மதுரைப் பக்கம் 1990-ல் தொடங்கிய 'களஞ்சியம்' சேமிப்புக் குழுக்களில் இவ்வூர்ப் பக்கத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். குழுவுக்குப் பதினைந்து, இருபது பேர். யாருக்குக் கடன் என்பதை அவர்களே கூடி முடிவு செய்வார்கள். பல குழுக்கள் இணைந்து கடமலை வட்டாரச் சங்கம். 2000-ஆம் ஆண்டில் அச்சங்கம் துணிச்சலாக ஒன்று செய்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியை நாடாமல், குடும்பத்துக்கு இவ்வளவு என்று தாங்களே சந்தா கட்டி, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பொது நிதி வைத்தார்கள்.

ஒற்றைக் கிராமம் என்றால் ஒரு விஷக்காய்ச்சலில் நிதி காலி. பல கிராமங்கள் சேர்ந்ததால், இந்த ஊர் நோயை அந்த ஊர் தாங்கும். பொய்க் கணக்கும் சுலபத்தில் எடுபடாது. யாருக்கு உடம்புக்கு என்ன என்பது தெருவில் யாருக்குத் தெரியாது? திண்ணை வம்புக்கும் ஒரு பிரயோஜனம் கிடைத்ததே!