உபதேசியார் பெயர் எங்கே?



தென்மாவட்டக் கிராமத் திருச்சபைகளின் நினைவு மலர்கள் நம் அலுவலகத்துக்கு அடிக்கடி வருகின்றன. நூறு, நூற்றைம்பது, இருநூறு ஆண்டு என்று ஏதாவது ஒரு சபை எப்போதும் விழாக் கொண்டாடிக்கொண்டே இருக்கிறது. மலரைத் திறந்தால் பேராயர் வாழ்த்து, ஆட்சியர் வாழ்த்து, சட்டமன்ற உறுப்பினர் வாழ்த்து. அடுத்துத் தாடி வைத்த வெள்ளைக்கார மிஷனரியின் மங்கிய படம். அதன்பின் ஆயர்களின் பட்டியல், பணியாற்றிய ஆண்டுகளோடு. மீதிப் பக்கங்களில் நகைக்கடை, ஜவுளிக்கடை, காண்டிராக்டர் விளம்பரங்கள். ஊரில் முதன்முதலாக ஓலைக் கொட்டகை போட்டு, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, பேதியில் செத்தவரைப் புதைத்து, ஞாயிறு தவறாமல் ஜெபம் நடத்திய உபதேசியாரைத் தேடிப் பாருங்கள். பல மலர்களில் அவருக்கு ஒரு வரிகூட இருக்காது.

கிராமத் திருச்சபைகளை இந்த இதழின் சிறப்புப் பகுதிக்கு எடுத்துக்கொண்டதற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம்.

மயிலாடியிலிருந்து தொடங்குகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர் பலருக்குச் சிற்பிகளின் ஊராகத்தான் தெரியும். தென்திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபை உருவானதும் இங்கேதான். லண்டன் மிஷன் அனுப்பிய ஜெர்மானியர் ரிங்கல்தௌபே நிறுவினார் என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். கதையின் முன்பாதி அந்த வரியில் காணாமல் போய்விடுகிறது.

முன்பாதியின் நாயகர் மகாராசன், சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். நந்தனார் போக ஏங்கிய அதே சிதம்பரம். கோயில் வாசலைத் தாண்ட முடியாத சாதியில் பிறந்தவர் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். தேடிப்போனது அங்கே கிடைக்கவில்லை. தஞ்சாவூரில் இருந்த உறவினர்களைப் பார்க்கப் போன இடத்தில் சபை ஆராதனையைக் கண்டார். அங்கிருந்த மிஷனரி கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தன் குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தான் அறிந்ததைச் சொன்னார். தொல்லைகள் வந்தன. ஊரையே விட்டுக் கிழக்கிந்தியக் கும்பினி எல்லைக்குள் குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட அந்தச் சிறு கூட்டம் யோசித்தது. கடைசியில் தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று தஞ்சாவூருக்கே போய்க் கேட்டார் வேதமாணிக்கம். தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ரிங்கல்தௌபேக்கு அப்படித்தான் மயிலாடி அறிமுகமானது. 1806-இல் அவர் கணவாயைக் கடந்து வந்தார். ஊர்தான் போய் மிஷனரியைக் கூட்டிவந்தது.

ஆலயம் கட்ட உத்தரவு எளிதில் கிடைக்கவில்லை. கும்பினியின் ரெசிடெண்ட் மெக்காலே பரிந்து பேச வேண்டியிருந்தது. இடையில் கும்பினிக்கு எதிராக வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி வெடித்தது. அது அடக்கப்பட்ட 1809-ஆம் ஆண்டில்தான் மயிலாடி ஆலயம் எழுந்தது. கும்பினியின் வெற்றிக்கும் அந்தச் சுவருக்கும் தொடர்பே இல்லை என்று நாம் பாவனை செய்ய வேண்டாம். அந்தச் சுவருக்குள் முதன்முதலாகத் தலைநிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதே ஆண்டில் அங்கே தொடங்கிய பள்ளியிலிருந்துதான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வயதை எண்ணுகிறது.

ரிங்கல்தௌபே விசித்திரமான மனிதர். கையில் வந்த சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். தன் சபையாரைப் பற்றி எழுதிய கடிதங்களில் புகழ்ச்சி குறைவு, முணுமுணுப்பு அதிகம். 1816-இல் உடல் நலிந்து புறப்பட்டபோது போட்டுக்கொள்ள ஒரு கோட்டுகூட அவரிடம் இல்லை என்பார்கள். கப்பலேறிய பிறகு அவர் என்ன ஆனார், எங்கே இறந்தார் என்பதற்குப் பதிவே இல்லை. 1818-இல் அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து சேரும்வரை சபைகளைக் கட்டிக் காத்தவர் வேதமாணிக்கம். இன்று மயிலாடி ஆலயம் இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கியிருக்கிறது. இந்த நியாயம் எல்லா ஊரிலும் நடக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் முதலூர் இருக்கிறது. மதம் மாறியதற்காக அடிபட்டவர்கள், சொந்த ஊரில் குடியிருக்க வழியில்லாமல், 1799-இல் நிலம் வாங்கி அமைத்த கிராமம் அது. முன்னின்றவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார். இப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக்கொடுக்க 1830-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தரும சங்கம் என்றே ஓர் அமைப்பு எழுந்தது. மஸ்கோத் அல்வா வாங்க முதலூருக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அந்தத் தெருக்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

உபதேசியார் என்றால் யார் என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு மிஷனரியின் பொறுப்பில் பல ஊர்கள் இருக்கும். குதிரையிலோ மாட்டுவண்டியிலோ அவர் எப்போதாவது வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் சபை உபதேசியார் கையில்தான். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் ஜெபம், நடுவில் ஊராருக்கு மனு எழுதிக்கொடுப்பது, சண்டையை விலக்கிவிடுவது, வெளியூரில் பனையேறப் போனவனுக்கு அவன் மனைவி சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது. சம்பளம் சொற்பம். அவர் மனைவிக்கு அந்தச் சொற்பமும் கிடையாது. பெண்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் அந்த அம்மாதான். லேஸ் பின்னலையும் இங்கே சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த அந்தத் தொழிலை அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அங்கேயும் கொண்டுபோனார். திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்த நாளில் லேஸ் கூலியைச் சேர்த்துத் தன்னைத்தானே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு.

பணம் எங்கிருந்து வந்தது? சீமையிலிருந்து என்பது பாதி உண்மை. மறுபாதி அடுப்படியில் இருந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, வாரக்கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டும் பிடி அரிசிக் காணிக்கையைச் சொல்கிறேன். அரிசியே நல்ல நாளில் மட்டும் வெந்த வீடுகளில் அந்தப் பிடியின் கனம் என்ன என்று எண்ணிப் பாருங்கள். முதல் கருப்பட்டி, முதல் தார், பெட்டைக்கோழியின் முதல் முட்டை எல்லாம் அறுப்பின் பண்டிகைக்கு வரும். அவற்றின் ஏலம் இன்றும் நடக்கிறது. கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் அங்கே ஆயிரத்தைத் தாண்டும், ஏலம் கேட்கிற இரண்டு பேருக்கும் பழைய வழக்கு ஏதாவது இருந்தால்!

பிடி அரிசியின் வீச்சை வெள்ளாளன்விளை காட்டும். அந்தச் சிற்றூரின் குருவானவர் வீட்டில் 1874-இல் பிறந்த அசரியா, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். பனங்காட்டுக் கிராமங்களின் காணிக்கை தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. 1912-இல் அவரே அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

அசனத்தைச் சொல்லாமல் விட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடி வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். விடிய விடிய அண்டாக்கள் கொதிக்க, சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் லீவு போட்டு வந்துசேர, கோயில் வளாகத்தில் பந்தி பந்தியாகக் கறிச்சோறு. வேறு மதத்து அண்டை வீட்டாரும் பந்தியில் உட்காருவார்கள். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் போகும். வருடம் முழுக்க ஞாயிறு ஆராதனையில் முன்வரிசை காலியாகக் கிடக்கும் ஊரிலும் அன்றைக்கு நிற்க இடமிருக்காது. சில ஆயர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. எனக்கு இல்லை. சேர்ந்து உண்பதற்காகவாவது ஊர் கூடுகிறதே.

ஆனால் பந்தி ஒன்றாக இருந்தாலும் கல்லறைத் தோட்டம் ஒன்றாக இல்லாத ஊர்கள் இருக்கின்றன. சாதி ஆலயத்துக்குள் வரும்போது செருப்பைக் கழற்றுவதோடு சரி, வெளியே நிற்பதில்லை. சபைத் தேர்தல் வந்தால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நிற்கும். ஆலய வழக்கு நீதிமன்றத்தில் நடக்கும். மலர்களில் இந்தப் பக்கங்களும் கிடையாது. ‘எல்லோரும் ஒருமனப்பட்டு’ என்ற வாக்கியம் ஒரு மலரில் அதிகமுறை வரும்போது, அங்கே நல்ல சண்டை ஒன்று நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

இந்த வரலாறெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் ஆலயத்தின் இரும்பு பீரோவில்தான். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. சாதாரண மனிதர்களின் பெயரை நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்த ஏடுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேறு எத்தனை இருக்கின்றன? 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு திருநெல்வேலிச் சீமையில் கூட்டங்கூட்டமாக மக்கள் சபைக்கு வந்தார்கள். வந்தவர்கள் யார், என்ன தொழில் செய்தார்கள், பழைய பெயர் என்ன, எந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்த ஏடுகளே சாட்சி. பழைய ஆலயத்தை இடித்து கான்கிரீட்டில் புதிது கட்டும் வேகத்தில் அவற்றில் எத்தனை கரையானுக்குப் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சபையின் உபதேசியார்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள். மூன்று பக்கம் போதும். ஆயரிடம் அனுமதி கேட்டு, பதிவேட்டின் முதல் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் கவலை வேண்டாம், வாசிக்கத் தெரிந்த நண்பர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். உங்கள் பாட்டி சொன்னது பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். வந்தவற்றை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். வாழ்த்துச் செய்திகளை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்