சுறவம் எனும் திங்கட்பெயர்

திருமண அழைப்பிதழிலும் நூல் முகப்பிலும் 'சுறவம்' என்று அச்சிடும் தமிழன்பர் எவரும் விடையிறுக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வழிவழி வந்த 'தை' இருக்க, இப்புதுப்பெயர் எற்றுக்கு? 'அது வடசொல், இது தமிழ்' என்பதே பெரும்பாலும் வருகின்ற விடை. அது பாதி விடையே. அந்தப் பாதியும் எளிதில் நிறுவத்தக்கதன்று.

தமிழர் திங்கள் ஞாயிற்றின் செலவால் அளக்கப்படுவது. வான்வட்டத்தை முப்பது முப்பது பாகையாகப் பன்னிரண்டு வீடுகளாக்கி, ஞாயிறு ஒரு வீட்டிற் புகும் நாளைத் திங்களின் தொடக்கமாகக் கொள்வது நம் முறை. அவ்வகையில் சனவரி 14 அல்லது 15-ஆம் நாள் ஞாயிறு புகுகின்ற வீடு மகரம் எனப்படும் சுறவ வீடு. ஆனால் 'தை' என்னும் பெயரோ ஞாயிறு நிற்கும் இடத்தைச் சுட்டுவதன்று. அத்திங்களின் வெள்ளுவா பூச நாண்மீனை ஒட்டி நிகழ்கிறது. பூசமோ கடக வீட்டில், ஞாயிற்றுக்கு நேர் எதிரே இருப்பது. பூசத்திற்குத் திசியம் என்று வடமொழியில் ஒரு பெயருண்டு. அதன் வழிவந்த தைசம் என்பதே தை ஆயிற்று என்பர் வடமொழிவாணர். ஆக, நாட்கணக்கு ஞாயிற்றினுடையது, பெயரோ நிலவினுடையது. கணக்கு ஒன்றும் பெயர் ஒன்றுமாக நிற்பதை ஒருமைப்படுத்துவதே சுறவம் என்னும் பெயர். இதுவே அதனை ஆள்வதற்கு வலிய கரணியம்.

'தைத்தல்' என்னும் வினையினின்றே தை பிறந்தது என்று மறுப்போரும் நம்மிடையே உளர். ஒலியொப்புமை ஒன்றே அவர்தம் சான்று. ஏனைய திங்கட்பெயர்களிற் பெரும்பாலன நாண்மீன் வழிப்பட்டனவாக இருக்க, இஃதொன்று மட்டும் வினைவழிப்பட்டது என நிறுவுதல் அரிது. விருப்பம் வேறு, வேர்ச்சொல்லாய்வு வேறு.

அதற்காகத் தையை நேற்று வந்த சொல்லென்று இகழ்வதும் அறியாமையே. குறுந்தொகையும் நற்றிணையும் புறநானூறும் தைத் திங்களின் தண்ணிய நீரைப் பாடியிருக்கின்றன. தொல்காப்பியத்தில் அதனினும் நுட்பமான சான்று ஒன்று உள்ளது. திங்கட்பெயர் வருமொழியோடு புணர்கையில் 'இக்கு' என்னும் சாரியை பெறும் என்ற விதியைத் தொல்காப்பியர் எல்லா ஈற்றிலும் கூறவில்லை. இகர ஈற்றிலும் ஐகார ஈற்றிலும் மட்டுமே கூறினார். சித்திரை முதல் பங்குனி வரை எண்ணிப் பார்க்க: பன்னிரண்டும் இகரத்திலோ ஐகாரத்திலோதான் முடிகின்றன. அப்பெயர்கள் அந்நாளிலேயே தமிழ் ஈறு பெற்று வேரூன்றிவிட்டன என்பதற்கு வேறென்ன வேண்டும்?

இனிச் சுறவம் என்னும் சொல். சுறா என்பதே மூலம். தனிக்குற்றெழுத்தை அடுத்த ஆகாரம் குறுகி உகரம் பெறுவது செய்யுள் வழக்கு. நிலா நிலவு ஆனதும், இறா இறவு ஆனதும், சுறா சுறவு ஆனதும் அவ்வகையே. சுறவு அம் ஈறு பெற்றுச் சுறவம் ஆயிற்று. காமனுடைய மகரக்கொடியைச் சுறவுக்கொடி என்று நம் பழம்புலவர் வழங்கினர். எனவே மகரத்தைச் சுறவெனத் தமிழ்ப்படுத்தியது இந்நூற்றாண்டின் தனித்தமிழார் கற்பனை என்று நகையாடுவோர் இலக்கியம் கல்லாதவர். பரிபாடலின் 11-ஆம் பாடல் மகரம் என்னும் சொல்லையே ஆள்வதும் மறைக்கத்தக்கதன்று. இருசொல்லும் வழங்கின, ஒன்று நம்முடையது.

மகரம் என வடநாட்டுச் சிற்பி செதுக்குவது துதிக்கையும் மீன்வாலும் கலந்த ஒரு கற்பனை விலங்கு. மேலை நாட்டார் அதே வீட்டை ஆட்டுத்தலையும் மீனுடலும் உடைய உருவாகக் கண்டனர். சுறாவோ நெய்தல் நிலத்தான் நாள்தோறும் கண்ட உயிர். புகார்ப் பரதவர் சினைச்சுறாவின் கோட்டை மணலில் நட்டு வழிபட்டு, வெள்ளுவா நாளில் கடலுக்குச் செல்லாது உண்டு மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. வானத்து வீட்டுக்குச் சுறவப் பெயர் அவ்வழிபாட்டால் வந்தது என்று இங்குக் கூறப்படவில்லை. வலைஞன் வாயில் இன்றும் வழங்கும் சொல் அது என்பதே கருத்து.

மற்றொன்று. சுறவம் முதல் நாளன்றே ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புகிறது என்று மேடைகளிற் பேசுவதை அன்பர்கள் விட்டொழிக்க வேண்டும். ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முன் அஃது உண்மை. நிலவுலகின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை அளவில் வானக்கணக்கு விலகி, இன்று அத்திருப்பம் திசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளிலேயே, மார்கழியாகிய சிலைத் திங்களின் தொடக்கத்திலேயே, நிகழ்ந்துவிடுகிறது. பொங்கல் அதனாற் சிறுமையுறாது. அஃது உழவன் அறுவடை விழா. ஆண்டுத் தொடக்கம் பற்றி 2008-இல் சட்டம் இயற்றப்பட்டதும் 2011-இல் அது நீக்கப்பட்டதும் வேறு வழக்கு. திங்கட்பெயருக்கு அவற்றால் ஊறுமில்லை, ஊட்டமுமில்லை.

வீட்டின் பெயரால் திங்களை அழைப்பது புதுமையென்று அஞ்சுவோர் மலையாள நாட்டைப் பார்க்கட்டும். கொல்லம் ஆண்டுக் கணக்கில் மகரம், கும்பம், மீனம், மேடம் என்றே எளிய உழவரும் திங்களை எண்ணுகின்றனர். அங்கு இயல்பாய் வழங்குவது இங்குச் செயற்கையாகாது. ஆயினும் பாட்டியின் வாயில் தை இருக்கும் வரை, சுறவம் என எழுதுவோர் அதனருகே தை என்பதையும் பிறைக்குறிக்குள் பொறித்தல் நன்று. அழைப்பிதழைக் கையில் வாங்குபவர் நாளைத் தவறவிடாமல் வந்து சேர்வர்.