ஓடைக்கு அக்கரை

ஐப்பசி பிறந்துவிட்டால், வெளியே எவ்வளவு மழை என்பதை மழைமானியைப் பாராமலே நாம் சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு ஒன்றே போதும். ஓடைக்கு இக்கரைப் பிள்ளைகள் நனைந்துகொண்டாவது வந்து சேருவார்கள். அக்கரைப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே மூன்று நாள், நான்கு நாள் என்று 'வரவில்லை' என்றே குறிக்க நேரும். தரைப்பாலத்தின்மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடும்போது பிள்ளையை அனுப்பாத பெற்றோரைக் குறை கூறலாமா? பாடமாவது ஒரு வாரம் காத்திருக்கும். பிரசவ வேதனை காத்திருக்குமா?

விழுப்புரம், திண்டிவனம் நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2024-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது, ரயில்கள் நின்றன. அரசூரில் பெருஞ்சாலையே ஆறாயிற்று. அண்டை ஜில்லாவில், அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. பெரிய பாலம் போனால் பத்திரிகையில் படம் வரும். இருபதடி ஓடையில் பாலமே இல்லாததை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்?

அத்தகைய சிற்றோடைப் பாலத்தில் மேலே போடும் உத்திரமும் தளமும் பெரிய செலவல்ல. இரு கரையிலும் அவற்றைத் தாங்கும் கான்கிரீட் சுவர்களே பணத்தையும் மாதங்களையும் விழுங்குகின்றன. கம்பி கட்ட வேண்டும், பலகை அடிக்க வேண்டும், இறுக விட வேண்டும். அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும்.

அந்தச் சுவருக்குப் பதிலாக மண்ணையே நிறுத்தலாம் என்றால் நகைப்பவர் உண்டு. நம் வகுப்பில் ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். ஒரு வாளியில் ஈர மணலை இட்டுத் தட்டிக் கவிழ்த்தோம்; ஒரு பையன் காலை வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடியும் அதே மணலை இரண்டு விரற்கடைக்கு ஒரு கொசுவலைத் துண்டு வீதம் இட்டு, அடுக்கடுக்காகத் தட்டிக் கவிழ்த்தோம். அதே பையன் ஏறி நின்றான். ஓரம் சிறிது உதிர்ந்ததே தவிர, குவியல் நின்றது. மணல் அமுக்கத்தைத் தாங்கும். பக்கவாட்டில் விரிவதைத்தான் அதனால் தடுக்க முடியாது. வலை அதைப் பிடித்து நிறுத்துகிறது. விஷயம் இவ்வளவே.

இது புதிதுமன்று. பாக்தாத் அருகே அகர் கூஃப் என்னுமிடத்தில் மூவாயிரம் வருஷங்களுக்கு முன் செங்கல் வரிசைகளுக்கு நடுவே நாணல் பாய்களை விரித்துக் கோபுரம் எழுப்பினார்கள். அது இடிந்தும் இன்னும் நிற்கிறது. ஹென்றி விதால் என்ற பிரெஞ்சு இஞ்சினீயர் 1960-களில் மண்ணுக்குள் உலோகப் பட்டைகளை இட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். நம் நாட்டு மேம்பாலங்களின் இருபுறத்து ஏற்றத்தில் கான்கிரீட் பலகைகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அவற்றுக்குப் பின்னாலும் பட்டையோ வலையோ இட்ட மண்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி சென்றார்கள். ஓஹையோ மாகாணத்தில் டிஃபையன்ஸ் என்னும் ஜில்லாவில் 2005-இல், சாலையை மட்டுமன்றிப் பாலத்தின் உத்திரத்தையே அடுக்கு மண்ணின்மேல் நேராக உட்கார வைத்தார்கள். சுமார் 80 அடி நீளமுள்ள அப்பாலம் ஆறு வாரத்தில் முடிந்தது. செலவிலும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். முகப்புக்குக் கான்கிரீட் கற்கள், பின்னால் உடைகல், சுமார் 20 சென்டிமீட்டருக்கு ஒரு முறை செயற்கை நூலால் நெய்த கெட்டித் துணி. பாலமும் சாலையும் ஒரே மண்ணில் அமர்வதால், பாலத்தின் விளிம்பில் வண்டி தூக்கிப் போடுகிற அந்தப் பள்ளமும் விழுவதில்லை. நம் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

இதில் நமக்குக் கிட்டாதது எது? கல்லாய்ப் போன மரங்களுக்குப் பேர்பெற்ற திருவக்கரைப் பக்கத்தில் கல் குவாரிகள் இருக்கின்றன. கான்கிரீட் கல் அறுக்கும் பட்டறை ஊருக்கு ஊர் உண்டு. கொத்தனார்களும் உண்டு.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதற்கில்லை. ஏரிக் களிமண்ணை வெட்டி இதில் நிரப்பினால் அது தண்ணீரை வடிய விடாது, உடைகல்லே வேண்டும். அதைவிடப் பெரிய பகை அடியரிப்பு. வெள்ளம் கட்டடத்தை நேரே மோதி உடைப்பதைவிட, ஓரத்திலும் அடியிலும் புகுந்தே வெல்லுகிறது. கட்டிச் சில மாதங்களே ஆன தளவானூர் அணை 2021 ஜனவரியில் ஓரச் சுவரில்தான் உடைந்தது. ஆகவே, வெள்ளம் பறிக்கும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் இறங்க வேண்டும். முன்னே பெருங்கற்கள் பரப்ப வேண்டும். பெண்ணையாற்றின் மணற்படுகையில் இதை முயல்வது வீண். இது வாய்க்காலுக்கும் சிற்றோடைக்கும் உரியது.

மற்றோர் அச்சமும் நமக்கு உண்டு. துணி மண்ணுக்குள் மறைந்துவிடும். இருபது அடுக்கு என்று கணக்கெழுதிப் பத்து அடுக்கோடு மூடிவிட்டால் எவர் கண்டார்? இதற்கு மருந்து, வேலை நடக்கும்போதே ஊரார் எண்ணுவதுதான். அடுக்கு ஒன்றுக்கு ஒரு கோடு வீதம் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் கரிக்கோடு இழுத்தால் போதும். அதற்கு இஞ்சினீயர் படிப்புத் தேவையில்லை.

சென்னையில் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் மண்ணின் பலத்தை அளக்கும் சாஸ்திரத்தைக் கற்பிக்கின்றன. நெடுஞ்சாலைத் துறையார் அவர்களையும் அழைத்துக்கொண்டு, திண்டிவனம் தாலுகாவில் இருபதடி ஓடை ஒன்றில் இம்முறையைச் சோதிக்கட்டும். வேலையைப் பங்குனியில் ஆரம்பித்தால் ஆடிக்குள் முடிக்கலாம். எந்த ஓடை என்று கேட்டால், நம் பதிவேட்டைக் காட்டத் தயாராயிருக்கிறோம்.