வீட்டு விஞ்ஞானம்: சார்ஜர் போனால் கணினி போயிற்றா?

மனிதனுக்கு மூச்சு நின்றால் உயிர் போயிற்று என்கிறோம். மடிக்கணினியின் சமாசாரம் அப்படியன்று. அதற்கு மூச்சு நின்ற பிறகும் உயிர் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கிறது. இந்த உண்மையை அறியாமையால் எத்தனையோ நல்ல கணினிகள் நம்முடைய வீடுகளில் பரண் ஏறிவிட்டன. அவற்றுக்கு வந்த வியாதி என்னவென்று விசாரித்தால், பல சமயங்களில் அது வெறும் சார்ஜர் கோளாறாக இருக்கும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெண் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வாசிக்கிறாள். ஆராய்ச்சிக் கட்டுரையைச் சமர்ப்பிக்க இன்னும் மூன்றே நாள். இரவு பத்து மணிக்குத் தகப்பனாருக்கு டெலிபோன் வருகிறது.

"அப்பா! கணினி செத்துப் போய்விட்டது. கட்டுரை முழுவதும் அதற்குள்ளேதான் இருக்கிறது!"

"அழாதே, அம்மா! நாளைக்கே புதிது வாங்கிவிடலாம்" என்று தைரியம் சொல்லிவிட்டு, முப்பது நாற்பதாயிரம் ரூபாய்க்கு யாரிடம் போவது என்று அந்த மனிதர் விடியும் வரையில் விழித்திருப்பார். அவர் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: "சார்ஜரில் விளக்கு எரிகிறதா, அம்மா?"

இந்தக் கேள்வி நம் ராஜ்யத்தில் அற்பமானதன்று. மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிற்று. 2025-26-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி முதலிய சாதனங்கள் கொடுக்கப்படும் என்றும் அறிவித்தது. யந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதைப் பேணும் வித்தைதான் இன்னும் வர வேண்டும்.

கடலூர் ஜில்லாவாசிகளுக்கு இந்த வித்தை இரட்டிப்பு அவசியம். கடற்காற்றிலுள்ள உப்பு, செம்பையும் பித்தளையையும் மெல்ல மெல்லத் தின்னக்கூடியது. புயலும் இங்கே புதிய விருந்தாளியல்ல. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலில் மின்கம்பங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் ஜில்லா, தான் மட்டும் இருட்டில் கிடந்தது. அறுந்த மின்சாரம் திரும்பி வரும் வேளையில் அழுத்தம் சட்டென்று ஏறி இறங்குவதுண்டு. அந்த அடியை முதலில் தன் தலையில் வாங்கிக்கொள்வது சார்ஜர்தான். எஜமானனுக்காக அடி வாங்கும் வேலைக்காரன் என்று அதைச் சொல்லலாம்.

சார்ஜர் செய்யும் காரியம் என்ன? சுவரிலிருந்து 230 வோல்ட் அளவில் வரும் மாறுமின்சாரத்தை வாங்கி, கணினிக்கு ஏற்றபடி 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது, அவ்வளவே. கட்டுரையும் கணக்கும் படங்களும் அதில் இல்லை. அவை கணினிக்குள் உள்ள சேமிப்புத் தட்டில் இருக்கின்றன. ஆகவே சார்ஜர் மடிந்தால் எழுத்து மடிவதில்லை. கணினியே எழுந்திருக்க மறுத்தாலும், பெரும்பாலான யந்திரங்களில் கைதேர்ந்த மெக்கானிக் சேமிப்புத் தட்டைத் தனியே கழற்றி, வேறொரு கணினியில் பூட்டி, உள்ளதை மீட்டுவிடுவார்.

இனிப் பரீட்சை. பாட்டரியில் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருந்தால் முதற்காரியம் பரீட்சையே அன்று. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, அவசியமான கோப்புகளைப் பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ பத்திரப்படுத்திவிட வேண்டும். அதன் பிறகு சுவரிலிருந்து கணினியை நோக்கிப் படிப்படியாக வர வேண்டும்.

முதலாவது, சுவர். அதே பிளக் பாயிண்டில் ஒரு மேஜை விசிறியைச் சொருகிப் பாருங்கள். விசிறி சுழலாவிட்டால் கணினியும் சார்ஜரும் நிரபராதிகள்.

இரண்டாவது, சுவருக்கும் சார்ஜர் பெட்டிக்கும் இடையேயுள்ள கம்பி. அநேக சார்ஜர்களில் இது தனியே கழன்று வரும். அதே மாதிரி முனையுள்ள கம்பியை அடுத்த அறைத் தோழியிடம் இரவல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். இது மட்டுந்தான் கெட்டிருந்தால் சொற்பச் செலவோடு வைத்தியம் முடிந்தது.

மூன்றாவது, சார்ஜர் பெட்டி. விளக்கு உள்ள பெட்டியானால் அது எரிகிறதா, கருகல் வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். தனியே இருக்கும்போது எரியும் விளக்கு, கணினியில் சொருகியதும் அணைந்தால், குற்றம் பெட்டியில் இருக்கலாம், கணினிக்குள்ளும் இருக்கலாம். பொருத்தமான வேறொரு சார்ஜரைக் கொண்டு பார்த்தால் உண்மை விளங்கும். பெட்டியை மட்டும் வீட்டில் பிளந்து பார்க்க வேண்டாம். அதற்குள் சுமார் 325 வோல்ட் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் உண்டு. சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் அடிக்கக்கூடும்.

நான்காவது, கணினியில் நுழையும் முனை. துளையில் தூசி அடைத்திருக்கலாம். பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். டெல், எச்.பி. முதலியவற்றின் உருண்டை முனைக்கு நடுவே ஊசி போன்ற கம்பி ஒன்று உண்டு. சார்ஜர் இன்னதென்று கணினிக்கு அடையாளம் சொல்வது அதுவே. அது வளைந்தாலோ ஒடிந்தாலோ கணினி ஓடும். ஆனால் பாட்டரி ஏறாமற்போகலாம்.

ஐந்தாவது, இத்தனையும் சரியாயிருந்தும் கணினி அசையாவிட்டால், சார்ஜரை எடுத்துவிட்டு, பாட்டரி எளிதில் கழலும் மாதிரியானால் அதையும் எடுத்துவிட்டு, தொடக்கப் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாத்திரம் சொருகி எழுப்பிப் பாருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, மயக்கம் தெளிந்து எழும் யந்திரங்கள் பல. ஆனால் பாட்டரி உப்பியிருப்பதாகத் தோன்றினால் அதை அழுத்தவும் வேண்டாம், சார்ஜ் ஏற்றவும் வேண்டாம், தீப்பிடிக்கக் கூடியது. நேரே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

குற்றவாளி சார்ஜரே என்று தெரிந்தால், புதிது வாங்குமுன் பழையதன் முதுகில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு அதிகமோ இருக்கலாம், குறையக் கூடாது. உதாரணமாக, 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கி வருவது 65 வாட். 45 வாட் சார்ஜரை வாங்கினால் யந்திரம் திணறும். முனையின் வடிவமும், நேர் எதிர் அடையாளங்களும் ஒத்திருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் கணினி சார்ஜர்களுக்கு அரசாங்கப் பதிவு கட்டாயம். தர முத்திரையோடு 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத மலிவுச் சரக்கு, மீதப்படுத்திய பணத்துக்குக் கணினியையே விலையாகக் கேட்கும். டைப்-சி முனையுள்ள கணினிகளில் இந்தத் தொல்லை குறைவு. எத்தனை வோல்ட் வேண்டும் என்று சார்ஜரும் கணினியும் தாமே பேசித் தீர்மானித்துக்கொள்கின்றன; வாட் போதுமா என்பதை மட்டும் நாம் பார்த்தால் போதும். 2026 ஏப்ரல் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளுக்கு இந்த முனை வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் சட்டமே செய்திருக்கிறது.

பழுது பார்த்து வாழ்வது ஏழ்மையின் அடையாளம் என்று சிலர் எண்ணுகிறார்கள். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் அகில இந்திய சர்க்கா சங்கம், சிறந்ததொரு ராட்டினத்தைச் செய்து தருபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு தருவதாக அறிவித்தது. அதற்கு விதித்த நிபந்தனைகளில் இரண்டு: யந்திரம் காலாகாலத்தில் பழுது பார்த்தால் 20 வருஷம் உழைக்க வேண்டும், பழுதுச் செலவு வருஷத்துக்கு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படக் கூடாது. சுதேசி என்பது எங்கே செய்தது என்று பார்ப்பதோடு முடியவில்லை. எவ்வளவு காலம் காப்பாற்றலாம் என்றும் கேட்டது. மடிக்கணினியின் உறுப்புகள் பல தேசங்களிலிருந்து வரலாம். அதைக் காப்பாற்றும் கையும் புத்தியும் நம்முடையவையாக இருப்பதை யார் தடுக்க முடியும்?

பரணில் ஒரு கணினி கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டுங்கள். அதன் ஆயுள் இன்னும் முடியாமலிருக்கலாம்.